லைட் எரியாத பெட்டி

சுங்கை பட்டாணியில் காளிதாசன் நடத்தி வந்தது காடிகளுக்கு அலங்காரம் செய்யும் கடை. கார் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, காடிதான். சீட்டு உறை, ஸ்பீக்கர், சக்கரத்துக்கு மேலே எரியும் நீல விளக்கு, கதவைத் திறந்தால் தரையில் வேல் உருவமாக விழும் வெளிச்சம் என்று எது கேட்டாலும் மாட்டிக் கொடுப்பான். உலகத்துப் பொருள்களை எல்லாம் அவன் இரண்டே வகையாகத்தான் பிரிப்பான்: லைட் எரிவது, இனிமேல் லைட் மாட்ட வேண்டியது. தன் முதல் கம்ப்யூட்டரை வாங்குவதற்குப் போயும் போயும் இவனைத்தான் சாந்தினி துணைக்கு அழைத்துப் போனாள். இருப்பது ஒரே அண்ணன், அவனிடம்தான் காடியும் இருந்தது.

கம்ப்யூட்டர் கடை மாடியில். ஏறியதுமே எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஏழெட்டு விசிறிகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக நிறம் மாறிச் சுழன்றன. தைப்பூசத்து இரதத்தைக் கண்டது போலக் காளிதாசன் அதன் முன்னால் நின்றுவிட்டான். கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

"தங்கச்சி, இதான்லா. வேற எதையும் பாக்காத."

"உள்ள என்னா கார்டு இருக்குன்னு கேட்டியாண்ணே?"

"கார்டு கெடக்கட்டும்மா. ரிமோட்ல கலரு மாத்தலாம், பாரு."

சாந்தினி கடைக்காரரிடம் மலாயில் கேட்டாள். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது என்றார். கடைக் கணக்கு எழுதலாம், படம் பார்க்கலாம், இலேசான விளையாட்டு ஓடும்; நீ சொல்கிற விளையாட்டு தவழும் என்று கையை மேசை மேல் மெதுவாக நகர்த்திக் காட்டினார். பவர் சப்ளை எந்தக் கம்பெனி என்று கேட்டபோது மட்டும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பே சாந்தினிக்குப் போதும். உண்மையைச் சொன்னால் அந்த வெளிச்சம் அவளுக்கும் பிடித்திருந்தது. அவள் அறை சின்னது, சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது, அங்கே இப்படி ஒன்று ஜொலித்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காமல் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது ஜொலிப்பு அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பெயர் பச்சையாக எரிய வேண்டும். அவ்வளவுதான், அதைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஷிப்ட் முடிந்தால் சுங்கை பட்டாணியில், காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு சைபர் கடை. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம் நின்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. அதில் வாசலைக் காப்பது அவள் வேலை. பள்ளியில் நடு வரிசையில் உட்கார்ந்து, நடுத்தர மதிப்பெண்ணோடு எழுந்து போன பெண் அவள். ஓட்டப்பந்தயத்தில் அவளைச் சேர்த்ததும் இல்லை, நாடகத்தில் அழைத்ததும் இல்லை. இந்த ஒன்றில்தான், அவள் வந்தால்தான் ஆட்டம் என்று நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். வடக்கு மாநிலங்களின் பெண்கள் போட்டிக்கு அந்த ஐவரும் பெயர் கொடுத்திருந்தார்கள்.

போட்டிக்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். சைபர் கடை கூடாது, அவரவர் வீட்டில், அவரவர் மெஷினில், கேமரா முன்னால் உட்கார்ந்து ஆட வேண்டும். பத்து மணிக்குப் போட்டித் திரையில் பெயர் பச்சையாகாவிட்டால் அந்த இடம் மாற்று ஆளுக்குப் போய்விடும். அணித் தலைவி தாரா, அலோர் ஸ்டாரில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். அவள் அதட்டிப் பேசியதே இல்லை. 'நீர்' போட்டுத்தான் பேசுவாள், அதைக் கேட்டாலே மற்ற நான்கு பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மாற்று ஆள் ஒருத்தியைத் தயாராக வைத்திருப்பதையும் அவள் அதே மரியாதையோடு சாந்தினியிடம் சொல்லியிருந்தாள்.

"இது வேணாம்ண்ணே," என்றாள் சாந்தினி.

காளிதாசன் தங்கையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு யாரும் எதிர்பாராத காரியம் செய்தான். "அப்ப நான் வாங்கிக்கிறேன். கடை முன்னால வச்சா ஆளு நிக்கும்லா," என்று பர்ஸை எடுத்தான்.

அவன் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சாந்தினி தன் சாமான்களைப் பொறுக்கினாள். இதற்காக அவள் பார்க்காத வீடியோ இல்லை. படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு, ஆகவே கையில் இருக்கும் காசில் பாதி அதற்கு. எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுப்பது பவர் சப்ளை. அது கெட்டுப்போனால் தனியாகப் போகாது, கூட நாலு சாமானையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதில் கஞ்சத்தனம் கூடாது. பிராசசர் போன தலைமுறையுடையதே தாராளம். மெமரி ஒரே குச்சியாக வேண்டாம், அதே அளவு இரண்டு குச்சியாக வாங்கினால் வேகம் கூடும். இவை எல்லாம் சொருகிக்கொள்ளும் போர்டு, விளையாட்டை ஏற்றி வைக்கும் டிரைவ், திரை, கேமரா எல்லாம் எடுத்தாயிற்று, மிச்சம் இருந்தது பெட்டி. ஒரு மூலையில் கிடந்த கறுப்புத் தகரப் பெட்டியைக் காட்டினாள். கண்ணாடியும் இல்லை, விளக்கும் இல்லை. முன்பக்கம் காற்றுப் போக நல்ல துளைகள் இருந்தன.

"அலமாக்," என்று மலாயில் அங்கலாய்த்தான் காளிதாசன். "போஸ்ட் ஆபீஸ் பொட்டி மாதிரி இருக்குதே. யாராச்சும் லெட்டர் போட்டுடப் போறாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். சாந்தினி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடியில் இருந்த மெமரி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிராபிக்ஸ் கார்டு புதிதாக வாங்குவது அவள் சக்திக்கு மீறியது. தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் புவனேசன் தன்னுடையதை விற்கிறான் என்று கேள்விப்பட்டாள். அவன் மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது, விளையாட்டு மேசை இருக்கும் இடத்தில் தொட்டில் வர வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகியிருந்தது. சாந்தினி கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ரகம் அல்ல. அவன் மெஷினிலேயே மாட்டி, கனமான விளையாட்டை நெடுநேரம் ஓடவிட்டு, சூடு ஏறுகிறதா, விசிறி முனகுகிறதா, படம் கலங்குகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. தன் புது டிரைவையும் கொண்டு போயிருந்ததால் விண்டோஸையும் விளையாட்டையும் அங்கேயே ஏற்றிக்கொண்டாள்.

"நல்லா பாத்துக்கம்மா," என்றான் புவனேசன், மகளைக் கட்டிக்கொடுப்பவன் குரலில். "இது என்கூட இருந்த மாதிரி எதுவும்..." தேத்தண்ணி கொண்டு வந்த மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

இப்படி ஒவ்வொன்றாகச் சாமான்கள், சாந்தினியும் அம்மாவும் இருந்த செமிலிங் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வந்ததெல்லாம் நேரே சாமி மேடைக்குத்தான் போயின. அது அம்மா செல்லாயியின் சட்டம். சிடாம் கிரி ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது பீடோங்கில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவள் அவள். அந்த வீட்டில் சந்தனம் குங்குமம் வைக்காமல் எந்தப் பொருளும் வேலையைத் தொடங்கியது கிடையாது. காளிதாசனின் முதல் காடி எலுமிச்சம்பழத்தை நசுக்கித்தான் நகர்ந்தது. ஐஸ்பெட்டிக்கும், சோறு வேகும் சட்டிக்கும், துணி துவைக்கும் மெஷினுக்கும் பொட்டு வைத்துத்தான் சுவிட்சைத் தட்டினார்கள். கேஸ் அடுப்பு வந்தபோது தேங்காயே உடைத்தாள்.

"அம்மா, இந்த டப்பாங்கள மட்டும் தொறக்காதீங்க," என்று சாந்தினி முன்கூட்டியே சொல்லி வைத்தாள். "உள்ள இருக்கறதுல கை படக்கூடாது. நம்ம ஒடம்புல இருக்கற கரண்டு பட்டா செத்துப் போயிரும்."

"என் ஒடம்புலயா? கரண்டா?" செல்லாயி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ நாளா பில்லு கட்டிக்கிட்டு இருந்தேனே."

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் சாந்தினி சாமி மேடையிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினாள். பிராசசர் டப்பாவின் நெற்றியில் அழகான பொட்டு இருந்தது. மெமரி டப்பாவிலோ கார்டு டப்பாவிலோ ஒன்றும் இல்லை. ஒரு டப்பாவோடு அம்மா ஆசையை அடக்கிக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மனசு இளகிப்போயிற்று.

முன் அறை மேசையில் துணி விரித்து வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன் உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று தகரப் பெட்டியை ஒருமுறை தொட்டாள், தொழிற்சாலைப் பழக்கம். பிராசசர் தன் குழியில் சொல் பேச்சுக் கேட்கும் பிள்ளை போல உட்கார்ந்தது. மெமரிக் குச்சிகள் இரண்டும் சொடுக்கிக்கொண்டு இறங்கின. கார்டு, டிரைவ், ஒயர்கள், கடைசியாக மூடி. வாசலில் விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டி முழுசாக நின்றது. தன் கையால் ஒன்றைக் கட்டி நிறுத்தினோம் என்ற நினைப்பில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது. சுவிட்சில் விரலை வைத்தாள்.

"இன்னிக்குக் கரிநாளும்மா," என்றாள் செல்லாயி பின்னாலிருந்து. "நாளைக்குக் காலையில ஏழரைக்கு மேல நல்ல நேரம். அப்ப போடலாம்."

இன்றே போட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்று சாந்தினிக்குத் தெரியும். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். பொட்டப்பிள்ளைக்கு என்ன துப்பாக்கி விளையாட்டு என்று சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டாயிற்று. அம்மா மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சைபர் கடையிலிருந்து தாமதமாக வந்த நாள்களில் சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் இப்போது கேட்டது இந்த ஒன்றைத்தான். சாந்தினி விரலை எடுத்தாள்.

ஞாயிறு காலை காளிதாசன் பசியாறுவதற்கு முன்பே வந்துவிட்டான். அவன் கண்ணாடிப் பெட்டியும் காடியின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்திருந்தது. "கடைக்குப் போற வழி," என்றான். அவன் கடை எதிர்த்திசையில் இருந்தது.

செல்லாயி குத்துவிளக்கை ஏற்றி, மணி அடித்து, கறுப்புப் பெட்டிக்குச் சூடம் காட்டினாள். நல்ல நேரம் பிறந்ததும் சாந்தினி சுவிட்சைப் போட்டாள்.

விசிறிகள் சுழன்றன. திரை இருட்டாகவே இருந்தது.

அவள் காத்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். விசிறி சுழல்கிறது, திரை கறுப்பு. பக்கத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால், போர்டின் ஓரத்தில் மெமரிக்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு விளக்கு மட்டும் கண் மூடாமல் எரிந்துகொண்டிருந்தது. மெமரியில் குறை என்று அர்த்தம்.

குச்சிகளைக் கழற்றி மாட்டினாள். ஒன்றை மட்டும் மாட்டினாள். அதை எடுத்துவிட்டு மற்றதை மாட்டினாள். இடம் மாற்றிப் போட்டாள். ஆரஞ்சு விளக்குக்கு இரக்கமே இல்லை. இதற்குள் அரைப்பொழுது ஓடிவிட்டது போலிருந்தது. போன் கிணுகிணுத்தது. மற்ற பெண்கள் ஒவ்வொருவராகப் போட்டி அறைக்குள் வரத் தொடங்கியிருந்தார்கள். மூன்று பெயர்கள் பச்சை. தாராவின் செய்தி ஒற்றை வரி: சாந்தினி, நீர் வாறீரோ?

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்று காளிதாசன் தொடங்கினான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லவில்லை. விறுவிறு என்று வெளியே போனான். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து ஒயரையும் சொருகினான். அது உடனே கண் விழித்தது, அறை முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஓடின. "இத மாட்டும்மா. ஒன் டிரைவ மட்டும் இதுல போடு. பேராவது பச்சையா எரியட்டும்."

சொன்னதில் தப்பில்லை. பெயர் எரியும், இடம் போகாது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அந்தப் பெட்டி தவழும், அவள் காக்கும் வாசல் வழியாக எதிரிகள் திருவிழாக் கூட்டமாக உள்ளே போவார்கள். நான்கு பெண்களை அவள் கையாலேயே தோற்கடிப்பது போல ஆகும். அதற்கு மாற்று ஆளே ஆடட்டும் என்று இருந்தது.

"கொஞ்ச நேரம் குடுண்ணே," என்றாள். "நான் பாத்துப் பாத்து வாங்குன சாமான். அதுல குறை இருக்காது. வேற என்னமோ நடந்திருக்கு."

மெமரிக் குச்சியை மறுபடி கழற்றினாள். போர்டில் சொருகும் ஓரத்தில் பற்கள் போல வரிசையாகத் தங்க நிறக் கோடுகள் இருக்கும். ஏதாவது கீறலா என்று பார்க்க அதைக் கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டு வந்தாள். கீறல் இல்லை. ஆனால் மூக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. மறுபடி முகர்ந்தாள்.

சந்தனம்.

தன் விரலை முகர்ந்தாள், அதில் இல்லை. குச்சியைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். தங்கக் கோடுகளின் மேல் மெல்லிய மஞ்சள் படலம் காய்ந்து கிடந்தது. சாந்தினி மெதுவாகத் திரும்பினாள். சாமி அறை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற செல்லாயி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா?"

"அட்டப் பொட்டிக்காம்மா பொட்டு வப்பாங்க?" செல்லாயியின் குரல் எழும்பவில்லை. "பொருளுக்குத்தானே வைக்கணும். ஒரு ஓரம் தங்கமாட்டம் மின்னிச்சு. சாமி காரியமாச்சே, மங்கலமா இருக்கட்டும்னு அந்த எடத்துல வச்சேன். அப்புறந்தான் நீ கை படக்கூடாதுன்னு சொன்னது ஞாபகம் வந்திச்சு. ஈரத்துணியால தொடச்சிட்டு உள்ள வச்சிட்டேன்."

காளிதாசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏம்மா, இவ வேலையில சேந்த நாள்லேருந்து இதுக்குத்தானம்மா ஒழைச்சா..."

"நீ சும்மா இருண்ணே," என்றாள் சாந்தினி.

கோபம் வராமல் இல்லை, காது மடல் சுட்டது. ஆனால் அந்தக் கோபத்தை முந்திக்கொண்டு ஒரு மகிழ்ச்சி பொங்கி வந்தது. சாமானில் குறை இல்லை. அவள் தேர்ந்தெடுத்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. குறை எது என்று தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டால் துடைத்துவிடலாம். அதோடு, உள்ளதிலேயே நல்ல இடம் என்று தேடிப்பிடித்து அம்மா பொட்டு வைத்திருக்கிறாள். அந்த ஆசையை எப்படித் திட்டுவது?

"எதெதுல வச்சீங்கம்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"அந்தக் குச்சி ரெண்டுலயும். அப்புறம் அந்தப் பெரிய பலகையில, அதுலயும் தங்க ஓரம் இருந்திச்சு."

"அந்தச் சின்னச் சதுரத்துல?"

"ஐயய்ய, அதுல முள்ளு முள்ளா பலாத்தோலு கணக்கா இருந்திச்சு. பயந்துபோயி டப்பா மேலயே வச்சிட்டேன்."

சாந்தினி கண்ணை மூடிக்கொண்டு அந்த முட்களுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். பிராசசரின் அந்தக் கால்களில் ஒன்று வளைந்திருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சும்மா நிற்கவில்லை. சாந்தினி மேசை இழுப்பறையைக் கவிழ்த்துப் பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். தங்கக் கோடுகளின் மேல் ஒரே பக்கமாக, பூப்போலத் தேய்த்தாள். வெள்ளை ரப்பர் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. "அண்ணே, ஸ்பீக்கர் ஒயரு தொடைக்கிற ஸ்ப்ரே ஒண்ணு வச்சிருப்பியே."

காளிதாசன் ஓடிப்போய்க் காடியிலிருந்து டப்பாவைக் கொண்டு வந்தான். அது எண்ணெய் இல்லாத மருந்து, அடித்தால் அழுக்கைக் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும். அவன் போனில் வெளிச்சம் பிடிக்க, சாந்தினி குச்சிகளுக்கும், கார்டின் ஓரத்துக்கும், போர்டின் பள்ளங்களுக்கும் அடித்தாள். "நல்லா காயணும்," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் செல்லாயி பழைய செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்து நின்றாள். எட்ட நின்று, கை எதிலும் பட்டுவிடாமல், விறகடுப்புக்கு விசிறுகிறவள் போல வீசினாள். அவள் கை ஓயவில்லை. உதடு மட்டும் முருகா முருகா என்று அசைந்தது.

நான்காவது பெயரும் பச்சையாகிவிட்டது. ஒன்றுதான் மிச்சம்.

எல்லாவற்றையும் மாட்டினாள். சுவிட்ச்.

விசிறி சுழன்றது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தது, திரை வெள்ளையாகத் திறந்தது.

"எரிஞ்சிருச்சி," என்றான் காளிதாசன். தன் கடையில் எத்தனை விளக்கு மாட்டியும் அந்தக் குரலில் அவன் அதைச் சொன்னதில்லை.

"நல்ல நேரம் தாண்டிருச்சேம்மா," என்றாள் செல்லாயி பயத்தோடு.

"விசிறி நல்ல நேரத்துலதாம்மா சுத்துச்சு. அது கணக்குல சேரும்." சாந்தினி பேசிக்கொண்டே திரையில் போட்டி அறைக்குள் நுழைந்தாள், கேமராவைத் திருப்பினாள், பெயரை அழுத்தினாள். பத்து மணி அடிக்கும்போது ஐந்தாவது பெயர் பச்சையாக நின்றது.

"சாந்தினி, நீர் இருக்கிறீரோ?" தாராவின் குரல்.

"இருக்கேங்க்கா."

இருந்தாள்தான், ஆனால் ஆட்டத்தில் இன்னும் காலூன்றவில்லை. எதிரணி பினாங்குப் பெண்கள், பழம் தின்று கொட்டை போட்டவர்கள். முதல் சுற்றுகளைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனார்கள். சாந்தினியோ புது மெஷினைக் கண்டு திகைத்துக்கொண்டிருந்தாள். சைபர் கடையில் எதிரி வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிவான். இங்கே சுவர் மறைவிலிருந்து தோள் வெளியே வரும்போதே தெரிந்தது. எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த வேகத்துக்கு அவள் கண் பழக வேண்டியிருந்தது.

அணி பின்தங்கியிருந்த நேரத்தில், அடுப்படிக்குப் போய் ஒளிந்துகொண்டிருந்த செல்லாயி, பாதியில் விட்ட பூசையை முடிக்கலாம் என்று சாமி அறைக்குள் போய் மணியை அடித்தாள். கணீர் என்ற சத்தம் மைக் வழியாக எல்லார் காதுக்கும் போயிற்று.

ஒருத்தி சிரித்தாள், உடனே எல்லாரும் சிரித்தார்கள். அத்தனை நேரமும் இறுகிக் கிடந்த ஐந்து பேரின் தோளும் இறங்கியது. அந்தச் சுற்றை அவர்கள் எடுத்தார்கள்.

"சாந்தினி, அது என்ன மணி?" என்றாள் தாரா.

"எங்கம்மா பூசை பண்றாங்கக்கா. நிறுத்தச் சொல்றேன்."

"நிறுத்த வேண்டாம். திரும்ப அடிக்கச் சொல்லும்."

சாந்தினி தலையைத் திருப்பாமலே கூப்பிட்டாள். "அம்மா, மணியோட இங்க வாங்க. நம்ம டீமுக்கு நீங்க வேணுமாம்."

செல்லாயி தயங்கித் தயங்கி வந்தாள். எங்கே நின்றால் என்ன கெடுமோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு சுற்று ஜெயித்தால் ஒரு முறை மணி அடித்தாள். அடுத்ததற்கு இன்னொரு முறை. காளிதாசன் நகம் கடித்தான். ஆட்டம் சமமாயிற்று, கடைசிச் சுற்றுக்கு வந்தது. அதில் சாந்தினியின் பக்கம் நால்வரும் விழுந்துவிட்டார்கள். எதிரே இருவர். வாசலில் அவள் ஒருத்தி.

அவள் நடுங்கவில்லை. இந்த வாசலுக்குத்தானே அவளைச் சேர்த்தார்கள். சுவர் மறைவில் ஒரு தோள் அசைந்தது, முழு உருவம் வருவதற்குள் அதைச் சாய்த்தாள். அடுத்தவள் புகையைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தாள். சைபர் கடை மெஷின் என்றால் அந்தப் புகையில் படமே உறைந்து நின்றிருக்கும். இந்தக் கறுப்புப் பெட்டி ஓர் இமைப்பொழுதுகூடத் தடுமாறவில்லை. புகைக்குள் ஒரு நிழல் கோடாகத் தெரிந்தது. சாந்தினி சுட்டாள்.

தாரா என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. செல்லாயியின் மணி அப்படி முழங்கியது. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியாவிட்டாலும், மகள் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் தூக்கி நின்றதற்கு என்ன அர்த்தம் என்று புரிந்தது. பெற்றவளுக்கு அது போதாதா? சாந்தினி அழுதாள். அதை அவள் மறைக்கவும் இல்லை, கேமரா வேறு ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் அடங்கியதும் செல்லாயி சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பெட்டியின் பக்கம் வர அவளுக்குக் கால் வரவில்லை. சாந்தினி அம்மாவின் கையைப் பிடித்து, அந்த விரலைச் சந்தனத்தில் தோய்த்து, கறுப்புத் தகரத்தின் நெற்றியில் கொண்டு போய் வைத்தாள்.

"இங்க வைங்கம்மா. எவ்ளோ பெருசா வேணும்னாலும் வைங்க."

செல்லாயி வைத்தாள். வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொட்டு எந்த ஐஸ்பெட்டிக்கும் கிடைத்தது இல்லை. காளிதாசன் தன் கண்ணாடிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். வாசல் வரை போனவன் திரும்பினான். "தங்கச்சி, நாளைக்குக் கடைக்கு வா. உன்னோடதுல இருக்கற மாதிரி இதுக்குள்ளயும் நல்ல சாமான் மாத்திக் குடு." கொஞ்சம் யோசித்தான். "லைட்ட மட்டும் எடுத்திராத."

போட்டியின் அடுத்த கட்டத்துக்கு முன்னால் ஐந்து பேரும் தங்கள் மெஷினைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று போட்டிக்காரர்கள் கேட்டார்கள். நான்கு பெட்டிகளில் விளக்குகள் பளபளத்தன. சாந்தினியின் படத்தில் கறுப்புத் தகரமும் சந்தனப் பொட்டும்தான். அன்று மாலையே தாரா அவளைக் கூப்பிட்டாள். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அன்ரி, நானும் என்ர பெட்டிக்குப் பொட்டு வைக்கப் போறன். எங்க வைக்கவேணும்?"

செல்லாயி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்த விஷயத்தில் அவளை விட விவரம் தெரிந்தவர் கெடா மாநிலத்திலேயே இல்லை என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெளிய வையும்மா, தகரத்துல," என்றாள். "உள்ள தங்கமாட்டம் ஒரு எடம் மின்னும். அங்க மட்டும் வச்சிராத."